தறிச் சத்தம் நின்ற வீட்டில்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சோமனூர் பக்கம். எனக்கு 43 வயது. பதினெட்டு வருடமாகச் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறேன், இப்போது நான்தான் முன்னால் நின்று பாட்டு நடத்துகிறேன். வீட்டில் எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். கட்டுப்படியாகாமல் போன வருடம் எல்லாவற்றையும் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டுவிட்டோம். அதிலிருந்து நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். மாமியார் படுத்த படுக்கை. ஆறேழு மாதமாக ஆராதனையில் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. எல்லோரும் கையை உயர்த்தி அழுகிறார்கள், நான் பாடிக்கொண்டே கல் மாதிரி நிற்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வீட்டில் இருக்கிற அமைதியே பயமாக இருக்கிறது. சபையில் ஒரு அக்கா, "ஏதோ மறைவான பாவம் இருக்கும், ஆராய்ந்து பார்" என்றார். மூன்று நாள் உபவாசமிருந்து ஆராய்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. தறி போனதற்கு நான் கர்த்தரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை ஐயா, அவர் சித்தம் என்று விட்டுவிட்டேன். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று வேதம் சொல்கிறதே, நான் கீழ்ப்படியாதவளா? இப்படி நடித்துக்கொண்டு பாடுவதைவிட நின்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாவம், கீழ்ப்படியாமை, நடிப்பு என்று நீங்கள் அழுத்தி எழுதிய இடங்களைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தறி போனதற்கு ஒரு கேள்வி கேட்டதில்லை என்று சொல்லியிருக்கிறீர்களே, அது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அக்கா சொன்ன விஷயத்தை முடித்துவிடலாம்.

பாவம் சந்தோஷத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். 51-ஆம் சங்கீதத்தில் தாவீது, போன சந்தோஷத்தைத் திரும்பத் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார். ஆனால் அந்தத் தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது மூடுமந்திரமாகப் பேசவில்லை. ஏழை வளர்த்த ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார், "நீயே அந்த மனுஷன்" என்றார், உரியாவின் பெயரையும் சொல்லிவிட்டார். கர்த்தர் கண்டித்தால் இன்னதற்கு என்று தெரியும். "ஏதோ இருக்கும், தேடு" என்பது யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களின் பேச்சு, கதையின் முடிவில் கர்த்தரிடம் திட்டு வாங்கியவர்களும் அவர்கள்தான். மூன்று நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை அல்லவா? சரி, தேடுவதை நிறுத்துங்கள்.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த மூன்று நாளும் கம்பெனிக்குப் போனீர்களா? வெறும் வயிற்றோடு டேபிள் முன்னால் ஒன்றரை ஷிப்ட் நின்றீர்களா? வீட்டுக்கு வந்து மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு பைபிளைத் திறந்தீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு நான் முதலில் காட்ட வேண்டிய வேதப்பகுதி 1 இராஜாக்கள் 19. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைப் பார்த்த அதே எலியாதான். அவருக்குத் தேவன் அனுப்பிய தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் தூதன் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். எலியாவோடு கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கப்புறம்.

அதனால் இந்த மாதமே ஒரு டாக்டரைப் பாருங்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களில் இந்த வயதுப் பெண்கள் யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன், சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கிற காலத்து மாற்றங்கள், இவற்றில் எது இருந்தாலும் மனிதர் மரத்துப்போகலாம். ஆராதனையில் மட்டுமல்லாமல் பேரக்குழந்தை, சீரியல், பிடித்த சாப்பாடு என்று எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு அவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தால்கூட இன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். மருத்துவம் முடிகிற வரைக்கும் உபவாசம் வேண்டாம். உங்கள் ஆயர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி அந்த வசனம். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது பிலிப்பியர் நாலாம் அதிகாரம் நாலாம் வசனம். நம் வீடுகளில் வாக்குத்தத்தக் காலண்டரில் பூப்படம் போட்டு அச்சடித்துத் தொங்குவதால், ஏதோ பூந்தோட்டத்தில் உட்கார்ந்து எழுதிய மாதிரி தோன்றுகிறது. பவுல் அதை எழுதியபோது கட்டப்பட்டுக் காவலில் இருந்தார். அதற்கு இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள், எயோதியாள், சிந்திகேயாள் என்று சபையில் இரண்டு பெண்கள் ஒத்துப்போகாமல் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புத்தி சொல்கிறார். (எந்த ஊர்ச் சபையாக இருந்தால் என்ன!) இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். இரண்டாவது துக்கம்தான் வரவில்லை, முதல் துக்கம் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய அதே ஆள், அதே கடிதத்தில், எனக்குத் துக்கம் இருக்கிறது என்கிறார். அப்படியானால் அவர் சொல்கிற சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கண்ணீராகவோ புல்லரிப்பாகவோ வந்தே ஆக வேண்டிய ஒன்று அல்ல. "கர்த்தருக்குள்" என்ற வார்த்தையில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்துகொண்டுதான் துக்கப்படுவதையும் செய்கிறார்.

அந்த இடத்தில் நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. தறி விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

நம் கொங்கு நாட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. பிறந்த குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று "ங்க" போட்டுக் கூப்பிடுகிறோம். சண்டையிலும் "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா" என்றுதான் கேட்போம். எனக்கு இது பிடிக்கும், இதில் வளர்ந்தவன் நான். ஆனால் இந்த மரியாதைக்குள் ஒரு தூரத்தை ஒளித்துவைக்க முடியும். கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றால், தூரத்துச் சொந்தம் "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சொந்தத் தம்பிதான் சமையல்கட்டுக்குள் வந்து "என்ன இது, உப்பே இல்லை" என்று சத்தம் போடுவான்.

"அவர் சித்தம்" என்று நீங்கள் சொன்னது எந்த வகை? விசுவாசத்தில் சொல்கிறவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கெத்செமனேயில் இயேசு "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். ஒரு தடவை கேட்டு நிறுத்தவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். நீங்கள் கேட்பதை விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்கு வந்திருக்கிறீர்கள். எட்டுத் தறி எடைக்குப் போன நாளில் கர்த்தரைப் பார்த்து "ரொம்ப நல்லதுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. அன்றைக்கே நீங்கள் அவர் வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டீர்கள். விருந்தாளிக்கு உபசாரம் கிடைக்கும். சமையல்கட்டுக்குள் போக முடியாது.

என் கதை ஒன்று. அப்பா இறந்த வருடம் நான் தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமச் சபையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் செய்த ஒரு தவறால் போனார் என்பது என் எண்ணம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அடக்க ஆராதனை முடிந்த மறு ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பீடத்தில் தேங்காயும் பூசணியும் மக்காச்சோளமும் குவிந்து கிடக்கின்றன, ஏலம் நடக்கிறது, நான் ஸ்தோத்திர பலியைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். இப்படியே எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி என் மனைவி கேட்டாள், "ஊருக்கெல்லாம் அவரைப் பத்திப் பேசறீங்களே, அவர்கிட்டப் பேசறீங்களா?" என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே போய்த் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். அந்த வருடம் பாசன வாய்க்காலில் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் முறை இல்லை, கிணறு அடிமட்டத்தில் கிடந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கர்த்தரோடு சண்டை போட்டேன். ஆயர் பேசக் கூடாததெல்லாம் பேசினேன். பதில் ஒன்றும் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் பாடகர் குழுவில் இருக்கிறவர், அதனால் இதையும் சொல்கிறேன். 42-ஆம் சங்கீதம், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று வருகிறதே, அதன் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கும். 88-க்கும் அவர்கள் பெயர்தான். தேவாலயத்தில் பாடியவர்கள், உங்கள் வேலை செய்தவர்கள். 88-ஐ ஒரு தடவை கடைசி வரை வாசியுங்கள். நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிந்துவிடும். பாட்டு நடத்துகிறவர்கள் அப்படியும் ஒரு பாட்டை ஆராதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், யாரும் அவர்களைக் குழுவிலிருந்து நிறுத்தவில்லை. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் ஞாயிறு ஆராதனையில் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கீபோர்டுக்காரர் துள்ளலான தாளத்தில் ஆரம்பிக்கிறார், வருகிறவர்கள் எல்லோரும் அந்த வேகத்துக்கு வந்தாக வேண்டும். தறி வித்தவர்களும் வர வேண்டும், பையன் பரீட்சையில் தவறிய வீட்டுக்காரரும் வர வேண்டும். வரமுடியாதவர்கள் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த அமைதி. உங்கள் ஊரில் கரண்ட் போனால் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். தறிச் சத்தத்திலேயே பிறந்து அதிலேயே தூங்கிய குழந்தைக்கு அது நின்றால்தான் பயம். நீங்கள் இருபது வருடமாவது அந்தச் சத்தத்தில் வாழ்ந்திருப்பீர்கள், ஜெபித்ததும் அதற்குள்தான். தறிக்கு நடுவில் நூல் முடிந்துகொண்டே உதட்டை அசைத்து ஜெபித்த பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் சம்பளமாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது. அது நின்ற வீட்டில் அமைதி என்றால் உங்களுக்கு நஷ்டம் என்று அர்த்தமாகிவிட்டது. அங்கே போய் உட்கார்ந்து தேவசமுகத்தை எதிர்பார்க்கிறீர்கள், காதில் விழுவது தறி இல்லாததுதான்.

செப்பனியா 3:17 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், பாட்டாகவும் பாடியிருப்பீர்கள். அதன் முதல் பாதியையும் கடைசியையும் பாடும் வேகத்தில் நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறோம். "அவர் உன்பேரில் சந்தோஷமாய் மகிழ்ந்து, தம்முடைய அன்பினிமித்தம் அமர்ந்திருப்பார்." அமர்ந்திருத்தல் என்றால் பேச்சற்று, சத்தமற்று இருத்தல். கெம்பீரமாய்க் களிகூருவது அதற்கப்புறம்தான் வருகிறது. அன்பு முற்றிப்போய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தேவனை அந்த வசனத்தில் பார்க்கிறேன். நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய தாத்தாவும் அம்மாயியும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த வசனத்தில் சந்தோஷப்படுகிற வேலையும் உங்களுடையது இல்லை, கவனியுங்கள். அவர்தான் உங்கள்பேரில் சந்தோஷப்படுகிறார். நீங்கள் கல் மாதிரி நின்ற ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் சேரும்.

அதனால் ஜெபிக்க உட்காரும்போது தறி இருந்த அந்த அறையிலேயே உட்காருங்கள். வேறு அறைக்குப் போக வேண்டாம். பத்து நிமிடம் போதும், சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த ராத்திரியோ, ஞாயிறு விடிகாலையோ. 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று வருகிற இடத்தில் நிறுத்தி உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். எத்தனை வருடக் கூலி பாக்கி, எந்த வருடம் எவ்வளவு கடன், எடைக்கு எடுத்தவர் எவ்வளவு கொடுத்தார், தறியை வண்டியில் ஏற்றும்போது வீட்டுக்காரர் முகம் எப்படி இருந்தது. கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை. தமிழ் வேதாகமத்தில் கர்த்தரை "நீர்" என்று கூப்பிடுகிறோம். "நீ" என்பதன் உரிமையும் கொஞ்சம், "நீங்கள்" என்பதன் மரியாதையும் கொஞ்சம், இரண்டும் சேர்ந்த வார்த்தை அது. அதில் உரிமைப் பக்கத்தை நீங்கள் ரொம்ப நாளாகத் தொடவில்லை.

ஒன்றும் சொல்ல வராத நாளில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டியில் ஜெபமாலை மாதா கோயில் இருக்கிறது, கொங்கு நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களில் ஒன்று. நாம் அந்தச் சபை இல்லை, இருந்தாலும் அக்டோபர் திருவிழாச் சமயத்தில் அங்கே வருகிற வயதான அம்மாக்களைக் கவனித்திருக்கிறேன். ஜெபமாலையின் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் உணர்ச்சி பொங்குகிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. விரல் நகர்கிறது, அவ்வளவுதான். அதை நாம் செத்த பழக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜெபிக்கவே முடியாத நாளில் விரலாவது நகர்வது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பாடகர் குழு விஷயம். விட்டுவிட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் நிற்பதை வேறு யாருக்காவது கொடுங்கள். ஆயரிடம் போய், உடம்பு முடியவில்லை, வீட்டில் நிலைமை இது என்று உள்ளதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நீங்கள் செய்தது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. சமைத்துப் போடுகிற அம்மாவுக்குப் பசி இல்லை என்பதால் சாப்பாடு பொய்யாகிவிடாது. ஆனால் அந்த அம்மாவும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பெஞ்சில், வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். அவரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் தறி போயிருக்கிறது. அவர் அதைப் பற்றி உங்களிடம் பேசினாரா?

அப்புறம் இன்னொரு காலண்டர் வசனம். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்", நெகேமியா 8:10. ஜனங்கள் வேதம் வாசிக்கக் கேட்டு அழுதுகொண்டிருந்தபோது சொன்ன வார்த்தை. அதே வசனத்தின் முன்பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா? போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்குப்போசியில் கொடுத்தனுப்புங்கள். கிணற்று மேட்டில் நான் சண்டை போட்டேனே, அதற்கு மூன்று வாரம் கழித்து இப்படித்தான் ஆனது. சபையில் ஒரு வீட்டில் சந்தகைக் கட்டையை அழுத்த ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அழுத்தினேன், மாவு நூல் நூலாக விழுந்தது, யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வசனம் சொல்லி வரவழைத்த சந்தோஷம் இல்லை அது. உங்களுக்கு இதே மாதிரி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க நான் யார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராதனையின் ஒரு பகுதிதான் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

மாமியாருக்கு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் இருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அவர்கள் வருகிற நாளிலாவது உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். சபையின் பெண்கள் சங்கத்தில் இரண்டு பேரைச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து இருக்கச் சொல்லிக் கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். பாவத்தை ஆராயச் சொன்ன அந்த அக்காவையே முதலில் கேளுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், வந்தாலும் வருவார்.

உங்கள் மாமியாருக்கு என் ஸ்தோத்திரம். அந்தக் காலத்து ஆள், பழைய கீர்த்தனைகள் நிச்சயம் தெரிந்திருக்கும். ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, கட்டில் பக்கத்தில் கீழே பாயில் படுத்துக்கொண்டு, ஒன்று பாடச் சொல்லிக் கேளுங்கள். குரல் நடுங்கும், நடுவில் வரி மறந்துபோகும். எடுத்துக்கொடுக்க வேண்டாம். கூடவும் பாட வேண்டாம். பதினெட்டு வருடமாக நீங்கள் பாடியாகிவிட்டது, அன்றைக்கு ஒரு நாள் கேட்டுக்கொண்டு படுத்திருங்கள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.